புளியரை ஏற்றத்தில் மட்டும் வந்த டீசல் வாடை: ஓர் ஆம்புலன்ஸ் நிகழ்வு ஆய்வு

பின்னணி

செங்கோட்டைப் பக்கம் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஐந்து ஆம்புலன்ஸ்களின் பராமரிப்பு என் பொறுப்பு. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது. பெரிய வைத்தியம் என்றால் இன்றும் பல குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது திருவனந்தபுரம்தான். அதனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறையாவது எங்கள் வண்டி ஒன்று புளியரை மலைப்பாதை ஏறி, கோட்டைவாசலில் கேரள எல்லையைத் தாண்டி, ஆரியங்காவு, தென்மலை, குளத்துப்புழை, பாலோடு வழியாகப் போகும். ஒரு வழிக்குச் சுமார் 100 கி.மீ. மற்ற நேரங்களில் வண்டிகள் அழைப்புக்காக நிற்கும், அல்லது தென்காசி வரை குறுகிய ஓட்டம் ஓடும்.

பிரச்சினை வந்தது 2021-இல் வாங்கிய டீசல் வண்டியில். பிஎஸ்-6 புகைக் கட்டுப்பாட்டுத் தரம், காமன் ரயில் இன்ஜின். அதாவது பம்ப் டீசலை 1,000 பாருக்கும் மேலான அழுத்தத்தில் ஒரு பொதுக்குழாயில் தேக்கி வைக்கும், அங்கிருந்து இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நான்கு இன்ஜெக்டர்களுக்கும் போகும். மிஞ்சும் டீசல் குறைந்த அழுத்தத்தில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். இன்ஜினின் பின்பாதி முன் இருக்கைகளுக்கு நடுவே, ஒரு மூடிக்குக் கீழே இருக்கிறது. ஓட்டுநர் அறைக்கும் நோயாளி அறைக்கும் நடுவில் தடுப்பும் கதவும் உண்டு. கொரோனா காலத்தில் அந்தக் கதவைச் சாத்தியே வைக்கப் பழகினோம், பிறகும் அந்தப் பழக்கம் மாறவில்லை. இந்தக் கதவு பின்னால் கதைக்குள் வரும்.

முதல் புகார்

ஜூன் மாதம், குற்றாலத்தில் சாரல் தொடங்கியிருந்த நேரம். திருவனந்தபுரம் போய்த் திரும்பிய மருத்துவ உதவியாளர், “சார், மலை ஏறும்போது பின்னால டீசல் வாடை அடிக்குது. எனக்குத் தலைவலி வந்துட்டு, பேஷண்ட் அம்மா வாந்தி எடுத்துட்டாங்க” என்று சொன்னார். இருபத்தைந்து வயதுகூட இருக்காத பெண், வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

ஓட்டுநர் இருபது வருட அனுபவம் உள்ளவர், எங்கள் எல்லோருக்கும் அண்ணாச்சி. “புளியரையில எப்பவும் கல்லு லாரி வரிசையா ஏறும். அதுக்குப் பின்னால ரெண்டாவது கியர்ல போனா யாருக்கும் வாடை வரத்தான் செய்யும். எனக்கு ஒண்ணும் அடிக்கலையே” என்றார்.

நானும் அதை ஏற்றுக்கொண்டேன். மழைக்குக் கண்ணாடி ஏற்றியிருக்கும், மலைப்பாதை சுற்றினால் வாந்தி வரும், லாரிப் புகையும் உண்மைதான். இரண்டாவது முறை அந்தப் பெண் சொன்னபோது கிருமிநாசினி வாடையாக இருக்கலாம் என்று நானே பதில் சொன்னேன். மூன்றாவது முறை அவர் வாய்வார்த்தையாகச் சொல்லவில்லை, பயணப் பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார். அதன் பிறகுதான் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பினேன். முதல் புகாருக்கும் அந்த நாளுக்கும் நடுவே பதினாறு நாள் போயிருந்தது.

முதல் பழுதுபார்ப்பு, தவறான முடிவு

ஒர்க்‌ஷாப்பில் வண்டியை லிப்டில் ஏற்றி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. மெக்கானிக் கேட்ட கேள்வி நியாயமானது: “கேரளா போகும்போது டேங்க் நிரப்பிட்டுப் போவீங்களா?”

ஆமாம். 2023 ஏப்ரலில் கேரளம் லிட்டருக்கு 2 ரூபாய் சமூகப் பாதுகாப்பு வரி போட்டதிலிருந்து எல்லைக்கு இந்தப் பக்கமே முழு டேங்க் நிரப்பிவிடுவது எங்கள் வழக்கம். நிறைந்த டேங்க், செங்குத்தான ஏற்றம், டேங்கின் மேல் இருக்கும் மிதவை அளவுக்கருவியின் ரப்பர் சீல். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஏற்றத்தில் டீசல் பின்பக்கம் ஏறி சீல் வழியாகக் கசிகிறது என்ற முடிவு கச்சிதமாகப் பொருந்தியது. சீலும் உண்மையிலேயே பழசாகியிருந்தது. மாற்றினோம்.

அடுத்த பயணத்தில் வாடை குறைந்த மாதிரி இருந்தது. அன்றைக்கு மழை இல்லை, பின்பக்கக் கண்ணாடியைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதை நான் விசாரிக்கவில்லை. புகார்க் கோப்பை மூடிவிட்டேன்.

வாடை திரும்பியது, கூடவே இழுவையும் போனது

ஜூலை முதல் வாரத்தில் வாடை பழையபடி வந்தது. இந்தத் தடவை அண்ணாச்சிக்கும் ஒரு புகார் இருந்தது. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை, இன்ஜின் விளக்கு எரிகிறது. வேறொரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். இழுவை இல்லை, டீசல் வாடை இருக்கிறது, ஆகவே நான்கு இன்ஜெக்டரும் போயிருக்கும், மொத்தமாக மாற்ற வேண்டும் என்றார்கள். செலவு லட்சத்தைத் தாண்டும்.

பணத்துக்குத் தயங்கினேன் என்பது உண்மை. ஆனால் பணத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. அந்த மெக்கானிக் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்துக் காட்டியபோது ஆயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. ஆயிலை யாரும் ஊற்றவில்லை. விரலில் தொட்டுப் பார்த்தேன், தண்ணீர் மாதிரி ஓடியது, டீசல் வாடையும் அடித்தது. ஆயில் குறைந்தால் பதறுகிற நாம், கூடினால் ‘சரி, நிறைய இருக்கிறது’ என்று விட்டுவிடுகிறோம். டீசல் கலந்த ஆயில் இன்ஜினுக்குள் இருக்கும் பேரிங்குகளைத் தேய்க்கும். அளவு மீறிக் கூடினால் காற்றுக் குழாய் வழியாக இன்ஜின் அதையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கும். அப்போது சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்காது.

வண்டியை நிறுத்திய இரவு

அன்றே வண்டியை ஓட்டத்திலிருந்து எடுத்துவிட்டேன். முக்கியக் காரணம் ஆக்சிஜன். நோயாளி அறையில் டி வகை சிலிண்டர் ஒன்று எப்போதும் இருக்கும். நிறைந்திருந்தால் சுமார் 7,000 லிட்டர் ஆக்சிஜன், 150 பார் அழுத்தம். இந்திய டீசலுக்கு ஐஎஸ் 1460 தரம் கேட்கும் குறைந்தபட்சத் தீப்பற்று நிலை, அதாவது அதன் ஆவி தீப்பொறி பட்டால் பற்றும் வெப்பநிலை, வெறும் 35 டிகிரி, ஏற்றத்தில் இன்ஜின் புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டின் சூடு 400 டிகிரியைத் தாண்டக்கூடும். டீசல் எங்கே கசிகிறது என்று தெரியாத வண்டியில், ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆளைப் படுக்க வைத்துக் கதவைச் சாத்த எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு அழைப்பு வந்தது. பக்கவாத அறிகுறி, திருநெல்வேலிக்குக் கொண்டுபோக வேண்டும். இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும் என்பது எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் பாடம். மற்ற வண்டிகளில் ஒன்றுக்குக் கிளட்ச் வேலை நடந்துகொண்டிருந்தது, மூன்றும் வெளியூரில். அண்ணாச்சி போனில் கேட்டார்: “திருநெல்வேலி சமரோடுதானே, ஏற்றமே கிடையாது. வாடை ஏற்றத்துலதான வருது. எடுத்துட்டுப் போயிடுறேனே?”

வேண்டாம் என்றேன். வாடை ஏற்றத்தில் வருகிறது என்றால் கசிவும் ஏற்றத்தில் மட்டும்தான் என்று அர்த்தமில்லை. வேறொரு வண்டியை ஏற்பாடு செய்ய 35 நிமிடம் ஆனது. நோயாளி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தார். ஆனாலும் அந்த வீட்டார் என்னிடம் கோபமாகப் பேசினார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. முதல் புகார் வந்த அன்றே வண்டியைச் சரியாகப் பார்த்திருந்தால் அந்த 35 நிமிடம் போயிருக்காது. நிறுத்தியது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். தாமதமாக நிறுத்தியதுதான் என் பிழை.

பதிவேட்டைத் திரும்பப் படித்தோம்

மறுநாள் காலை அந்த உதவியாளரை உட்கார வைத்து, அவர் எழுதியதை எல்லாம் வரிசையாகப் படித்தேன். தேதி, இடம், வாடை தொடங்கிய நேரம், பக்கத்தில் சின்னக் குறிப்புகள். அவற்றில் மூன்று விஷயம் தெரிந்தது.

திரும்பி வரும்போது, ஆரியங்காவிலிருந்து கோட்டைவாசலுக்கு ஏறும்போதும் வாடை வந்திருக்கிறது. அந்நேரம் டேங்க் பாதிதான் இருக்கும். டேங்க் சீல் என்ற எங்கள் முடிவு அங்கேயே விழுந்தது. இந்தக் குறிப்பு, சீலை மாற்றுவதற்கு முன்பே எழுதப்பட்டிருந்தது.

ஏற்றம் தொடங்கிப் பத்து நிமிடம் கழித்துத்தான் வாடை வரும், இறக்கத்தில் கொஞ்ச நேரத்தில் போய்விடும். அப்படியென்றால் சூடும் சுமையும் சேர்ந்தால்தான் வருகிறது.

மூன்றாவதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. “கூரை ஃபேன் போட்டால் அதிகம்” என்று இரண்டு இடத்தில் எழுதியிருந்தார். கூரையில் இருக்கும் ஃபேன் உள்காற்றை வெளியே தள்ளுவது. வாடை வந்தால் அதைப் போடு என்றுதான் நாங்களே சொல்லியிருந்தோம். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருக்கும்போது காற்றை வெளியே தள்ளினால், அந்த இடத்தை நிரப்ப எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். இன்ஜின் பக்கம் ஓட்டை இருந்தால் அந்த வழியாகத்தான் வரும். லாரிப் புகை என்றால் லாரி முன்னால் இல்லாத நாட்களில் வந்திருக்கக் கூடாது. அப்படி ஒரு நாளும் பதிவேட்டில் இருந்தது.

அதன் பிறகு கேள்வியைப் பிரித்துக்கொண்டோம். டீசல் எங்கே கசிகிறது, அது எந்த வழியாகப் பின் அறைக்கு வருகிறது, ஆயிலில் டீசல் எப்படிக் கலந்தது, இழுவை ஏன் போனது. நான்குக்கும் ஒரே பதில் இருக்கும் என்று நம்பியதுதான் எல்லோரையும் இன்ஜெக்டர் பக்கமே தள்ளியது.

கசிவைக் கண்டுபிடித்த விதம்

புனலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். டீசல் பம்ப் வேலையில் ஊறியவர், தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அவர் முதலில் சொன்னது எச்சரிக்கை. இன்ஜின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாய்ப் பக்கம் யாரும் கையை நீட்டிக் கசிவைத் தடவிப் பார்க்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் ஊசிமுனைத் துளையிலிருந்து வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே அறுவை சிகிச்சை தேவைப்படலாம். சந்தேகம் இருந்தால் அட்டையை நீட்டிப் பார்க்கலாம்.

அப்புறம் இன்ஜின் ஆறியதும் நன்றாகக் கழுவி, துடைத்து, காற்றடித்துக் காய வைத்தார். இன்ஜெக்டர் வரிசை முழுக்க முகப் பவுடரை மெல்லிசாகத் தூவினார். மிகுதி ஆயிலை வடித்துச் சரியான அளவுக்குக் கொண்டுவந்தோம், ஆக்சிஜன் சிலிண்டர்களை இறக்கினோம். தீயணைப்புக் கருவி ஒன்றை அருகில் வைத்துக்கொண்டு, நோயாளி இல்லாமல் கோட்டைவாசல் வரை ஏறினோம். கண்ணாடிகளை ஏற்றி, ஃபேனைப் போட்டு, பின்னால் நான் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் எனக்கும் தலை கனத்தது. அந்தப் பெண் பதினாறு நாள் எதைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்று அப்போது புரிந்தது.

மேலே நிறுத்தி, ஆறவிட்டு, மூடியைத் திறந்தோம். வெள்ளைப் பவுடரில் மூன்றாவது இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ஹோஸ் இணைப்பிலிருந்து ஒரு ஈரக்கோடு கீழே இறங்கியிருந்தது. ஹோஸ் சூட்டில் இறுகி, வளைவில் முடி கனத்துக்கு வெடித்திருந்தது. நின்ற இடத்தில் இன்ஜின் ஆடாது, சூடும் ஏறாது, அதனால் லிப்டில் எதுவும் தெரியவில்லை. ஏற்றத்தில் இன்ஜின் சுமையில் சாயும்போது அந்த வெடிப்பு வாய் திறக்கும். கசிந்தது தரையில் சொட்டுவதற்கு முன்பே சூட்டில் ஆவியாகிவிடும். ரிட்டர்ன் பக்கக் கசிவு ஓட்டத்தைப் பெரிதாகப் பாதிக்காது. ஓட்டுநருக்கு அது தெரியாமல் போனதில் வியப்பில்லை.

வாடை வந்த வழி

ஊதுபத்தி காட்டிப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கலாம் என ஒருவர் சொன்னார். டீசல் கசிந்த வண்டியில் நெருப்பே வேண்டாம் என்று மறுத்துவிட்டேன். மெல்லிய பருத்தி நூலைக் குச்சியில் கட்டி, ஃபேனை ஓடவிட்டு, ஒவ்வோர் இடுக்கிலும் காட்டினோம். இன்ஜின் மூடியின் பின் விளிம்பில் ரப்பர் பீடிங் நசுங்கியிருந்த இடத்தில் நூல் லேசாக ஆடியது. தடுப்புச் சுவருக்குக் கீழே, இருக்கைக்கு அடியில், நூல் விறைப்பாக உள்பக்கம் இழுத்தது. பாடி கட்டும்போது இன்வெர்ட்டர் வயருக்காகப் போட்ட துளை அது. இரண்டு விரல் அகலம், ரப்பர் வளையம் போடாமல் விட்டிருந்தார்கள்.

ஆவி ஓட்டுநர் அறையைத் தொடாமலே நேராக நோயாளி அறைக்குப் போயிருக்கிறது. நடுக்கதவு சாத்தியிருக்கும், அண்ணாச்சி தன் பக்கக் கண்ணாடியை எப்போதும் ஒரு விரல் இறக்கி வைத்திருப்பார். அவருக்கு வாடை அடிக்கவில்லை என்பது பொய்யே இல்லை. அந்தப் பெண் சொன்னதும் உண்மை, அவர் சொன்னதும் உண்மை. நான்தான் முன்னால் இருப்பவர் பேச்சை வைத்துப் பின்னால் இருப்பவர் பேச்சைத் தள்ளினேன்.

ஆயிலும் இழுவையும்

இன்ஜெக்டர் மாற்றுவதற்கு முன் ஒரு சோதனை போதும் என்றார் புனலூர்க்காரர். நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்னையும் தனித்தனியாக அளவு போட்ட நான்கு குப்பிகளில் பிடித்தார். ஒன்றில் மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த இன்ஜெக்டரின் உள்ளே தேய்மானம் என்று அர்த்தம். நான்கும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. ஸ்கேனரில் இன்ஜினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் டீசல் அளவின் திருத்தமும் இயல்பாக இருந்தது.

ஸ்கேனர் வேறொன்றைக் காட்டியது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்-6 டீசல் வண்டிகளின் சைலன்சர் வரிசையில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு, டிபிஎஃப் என்பார்கள். கரி சேர்ந்ததும் வண்டி தானாகவே கூடுதல் டீசலை விட்டுச் சூட்டைக் கூட்டி அதை எரிக்கும். அதற்குச் சில நிமிடம் தொடர்ந்து ஓட வேண்டும். எங்கள் வண்டி என்ன செய்கிறது? ஏ.சி.க்காக நின்ற இடத்தில் மணிக்கணக்கில் ஓடுகிறது, தென்காசி போய் அணைகிறது. எரிப்பு பாதியில் நின்ற பதிவுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு முறையும் எரியாத டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலுக்கு இறங்கியிருக்கிறது. வடிகட்டி அடைத்ததால் இன்ஜின் தன்னைக் காத்துக்கொள்ள இழுவையைக் குறைத்திருக்கிறது.

செய்த வேலைகள்: நான்கு ரிட்டர்ன் ஹோஸும் ஓ-ரிங்குகளும் புதிது. மூடியின் பீடிங், வயர் துளைக்கு ரப்பர் வளையம். ஸ்கேனர் மூலம் டிபிஎஃப் எரிப்பு, அதுவும் காய்ந்த புல் இல்லாத திறந்த வெளியில், ஏனென்றால் அப்போது சைலன்சர் வாய் கடுமையாகச் சுடும். எரிப்பிலும் கொஞ்சம் டீசல் ஆயிலில் இறங்கும் என்பதால் ஆயிலையும் ஃபில்டரையும் அதற்குப் பிறகுதான் மாற்றினோம். இன்ஜெக்டருக்குச் சொன்ன தொகையில் ஒரு சிறு பங்குதான் ஆனது.

பின்னால் நடந்தது, மாற்றியவை

அதே ஏற்றத்தில், கண்ணாடி ஏற்றி, ஃபேன் போட்டு, மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது முறை அந்த உதவியாளரே பின்னால் உட்கார்ந்து, சரி என்று எழுதிய பிறகுதான் ஆக்சிஜன் சிலிண்டரை ஏற்றினோம். அண்ணாச்சி அவரிடம், “நீ சொன்னப்பவே கேட்டிருக்கணும்மா” என்றார். நானும் சொன்னேன்.

பின் அறையில் வாடை என்றால் வண்டியை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் இப்போது பின்னால் இருப்பவருக்கு உண்டு. ஓட்டுநர் முதலில் நிறுத்த வேண்டும், பேச்சு அப்புறம். பின்னால் வாடை வந்தால் முதல் வேலை கண்ணாடி இறக்குவது, கூரை ஃபேன் பிறகு. நடுக்கதவை, தொற்று நோயாளி இல்லாதபோது, திறந்து வைக்கிறோம். திங்கள்தோறும் ஐந்து வண்டியின் ஆயில் மட்டத்தையும் மில்லிமீட்டரில் எழுதுகிறோம், கூடினாலும் எனக்குத் தகவல் வர வேண்டும். நிழலில் நிறுத்தி, கட்டடத்திலிருந்து மின்சாரம் இழுத்து பேட்டரியும் கருவிகளும் சார்ஜ் ஆக வைக்கிறோம், இன்ஜினைச் சும்மா ஓடவிடுவது குறைந்திருக்கிறது. குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடிய வண்டியை வாரத்தில் ஒருநாள் கடையநல்லூர் வரை நிற்காமல் ஓட்டி வருகிறார்கள். பின் அறைகளில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் மாட்டினோம். டீசல் கசிவை மூக்கு சொல்லிவிடும், சைலன்சர் புகையில் வரும் அந்த வாயுவுக்கு வாடை கிடையாது.

மற்ற நான்கு வண்டிகளையும் திறந்து பார்த்தபோது இரண்டில் அதே வயர் துளை அடைக்காமல் இருந்தது, ஒன்றில் ரிட்டர்ன் ஹோஸ் இறுகத் தொடங்கியிருந்தது. துளைகளை அன்றே அடைத்தோம். ஹோஸ் வர வேண்டியிருக்கிறது. அது வந்து மாட்டும்வரை அந்த வண்டி சிலிண்டர் இல்லாமல், டயாலிசிஸ் முடிந்து வீடு திரும்புபவர்களை இறக்கிவிட மட்டும் தென்காசிக்குள் ஓடுகிறது. சாவியோடு ஒரு சிவப்பு அட்டையைக் கட்டி வைத்திருக்கிறேன்: மலைக்கு எடுக்கக் கூடாது.